எட்டுச் சுற்று

திருச்சி அரியமங்கலத்தில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு லேத் பட்டறை. காலை ஏழரைக்கே பழைய பிக்கப் ஒன்று வந்து நின்றிருந்தது. பின்தட்டில் வாழைச் சருகு ஒட்டியிருந்தது. திருவளர்சோலை, உத்தமர்சீலிப் பக்கம் தார் ஏற்றி, காவிரியைத் தாண்டிக் காந்தி மார்க்கெட்டில் இறக்குகிற வண்டி. பாரம் தாங்கட்டும் என்று பின்சக்கரங்களுக்குத் தகடு கனமான ரிம் மாற்றியிருந்தார் ஓட்டுநர். வினை அதில்தான் வந்தது.

மேஸ்திரி ஒரு வீல் நட்டை ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, மீதியை விரலால் சுற்றினார். "எண்ணுங்க சார்" என்றார். ஐந்தாவது சுற்றில் நட்டு கையோடு வந்துவிட்டது.

"அஞ்சு மரைதான் புடிச்சிருக்கு. எட்டாவது புடிக்கணும்."

அந்தப் போல்ட்டின் பருமன் 12 மி.மீ. மரைக்கு மரை 1.5 மி.மீ. போல்ட் எவ்வளவு பருமனோ அவ்வளவு ஆழமாவது நட்டு அதைக் கவ்வ வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. எட்டுச் சுற்று அப்படி வருவது. கனமான ரிம் மூன்று சுற்றைத் தின்றுவிட்டது. பழைய ரிம்முக்குத் திரும்ப ஓட்டுநருக்கு மனமில்லை. ஆகவே நீளமான ஹப் போல்ட், சக்கரத்துக்கு ஐந்தாகப் பத்து.

வண்டியின் எடை அந்தப் போல்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நட்டை முறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, ஸ்பிரிங்கைப் போல. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. இந்தப் பருமனில் சரியாக முறுக்கிய ஒரு போல்ட் நான்கு டன்னுக்கு மேல் அழுத்தும். அந்த அழுத்தத்தில் எழும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குவது. பிடி தளர்ந்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் வளைந்து நிமிரும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 சுற்று. எந்த இரும்பும் அதை வெகுநாள் பொறுக்காது.

ஜாக்கி ஏறுவதற்கு முன்பே உதவியாள் பையன் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டான். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவன் நான். சித்திரைத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஊர்க்கூட்டம் முழுக்க மேலே பார்க்கும்போது சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பையனின் பார்வையும் அப்படித்தான் இருந்தது.

பழைய போல்ட்டைச் சுத்தியலால் அடித்தும் தள்ளிவிடலாம். அந்த அடி பேரிங்கில் போய் இறங்கும் என்று மேஸ்திரி ஹப்பையே கழற்றிப் பிரஸ்ஸில் வைத்தார். துவாக்குடியில், பெல் ஆலைக்கு வேலை செய்து கொடுத்த ஒரு சிறு பட்டறையில் தொழில் பழகியவர். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சொந்தம் தெரிந்தது. அளவை அளந்து, எழுதிவைத்து, மறுபடி அளக்கும் பழக்கம் அங்கே வந்தது.

புதிய போல்ட்டைத் தேர்ந்ததில்தான் அவர் கைத்திறனைப் பார்த்தேன். நீளம் பிறகு. முதலில் தலைக்குக் கீழே பல் வெட்டியிருக்கும் பகுதியை வெர்னியரால் அளந்தார். அது துளையைவிடச் சிறுத்தால் முறுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றும். அதிகம் பருத்தால் ஹப் விரிசல் காணும். அடுத்தது, மரை வெட்டாத கழுத்துப் பகுதி. அது நீண்டுவிட்டால் நட்டு அங்கே போய் முட்டி நின்றுவிடும். தலையில் 10.9 என்ற எண்ணைத் துடைத்துப் பார்த்தார். கடைசியாக, வண்டியின் பழைய நட்டுகளை ஒதுக்கினார். அவை வாய் மூடிய தொப்பி நட்டுகள். நீளமான போல்ட் உள்ளே தொப்பியில் இடித்ததும், இறுகிவிட்டது என்று ஸ்பேனர் கைக்குச் சொல்லும். ரிம் தளர்ந்தே கிடக்கும். "கைய ஏமாத்துற நட்டு சார் இது" என்றார். வாய் திறந்த நட்டுகளை, ரிம்மின் சரிவுக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து எடுத்தார்.

மரையில் எண்ணெய் தடவப் போன பையனைத் தடுத்தார். எண்ணெய் பட்டால் அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற மாதிரி, 110 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் 'டக்' என்றது. பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம்முக்கு ஒரு மஞ்சள் கோடு இழுத்தார்.

கழற்றிய பத்துப் போல்ட்டுகளையும் பையன் பட்டடையில் வைத்து மரை நசுங்க அடித்தான். பழைய இரும்புக் கடையிலிருந்து இன்னொரு வண்டிக்கு அவை போய்விடக் கூடாது.

"ஒரு நடை பாரம் அடிச்சிட்டு வா. டைட் வைக்கணும்" என்றார் ஓட்டுநரிடம்.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"புது ரிம்மு, பெயின்ட்டு அமுங்கும். வா."

1976-இல் திறந்த காவிரிப் பாலத்தில் பாரத்தோடு போனால் ஒவ்வொரு இணைப்பும் வண்டிக்குள் கேட்கும். அந்த வழியாகவே போய்த் தார் ஏற்றி, இறக்கிவிட்டு, நான்கு மணிக்கு வண்டி திரும்பியது. மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கைகழுவிவிட்டு வந்தார். எட்டு நட்டுகள் அசையவில்லை. இடது சக்கரத்தில் இரண்டு, ரெஞ்ச் 'டக்' என்பதற்கு முன் ஒரு நெல்லளவு நகர்ந்தன. பழைய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு அந்த இரண்டுக்கும் புதுக்கோடு போட்டார்.

"நாளைக்கும் வா" என்றார்.