பேனாவை நம்பி 24 வருஷம்

சில வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா ரெண்டு மாசம் சூரத்தில இருந்தேன். மத்தியான சாப்பாட்டு நேரத்தில, நான் தமிழ்ல ஏதோ கிறுக்குறவன்னு தெரிஞ்சுக்கிட்ட ஒரு குஜராத்தி நண்பர் கேட்டார்: "எழுதறீங்க சரி, வேலையை விடுவீங்களா? எங்க ஊர் நர்மத் விட்டார், பாய்!"

யாருய்யா அந்த நர்மத்னு அன்னிக்குத் தேட ஆரம்பிச்சது. இன்னும் ஆளு என்னை விடலை.

முழுப்பேர் நர்மதாசங்கர் தவே. 1833 ஆகஸ்ட் 24, சூரத்தில் பிறந்தவர். (அந்தத் தேதியைத்தான் குஜராத்தி மொழி நாளாகக் கொண்டாடறாங்க.) மும்பை எல்பின்ஸ்டன்ல படிப்பு. பதினெட்டு வயசு வாக்கில், மக்கள் சங்கமாகக் கூடினா என்ன நன்மைன்னு ஒரு உரை நிகழ்த்தியிருக்கார். குஜராத்தி உரைநடையில முதல் கட்டுரைன்னு அதைத்தான் சொல்றாங்க. பதிவர் சந்திப்புக்கு அலையற நம்ம கூட்டத்துக்கு ஒரு முன்னோடி கிடைச்சாச்சு :-)

மும்பையில வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். 1858 நவம்பர் 23 அன்னிக்கு ராஜினாமா பண்ணிட்டு வீட்டுக்கு வந்து, கண்ணுல தண்ணியோட பேனாவைப் பார்த்து, இனிமே நான் உன் மடியிலதான்னு சொன்னாராம். வயசு 25. அச்சுப் புத்தகம் வாங்கிப் படிக்கிற கூட்டமே கொஞ்சமா இருந்த காலம். என்ன தைரியம்னு நினைக்கிறதா, என்ன அசட்டுத்தனம்னு நினைக்கிறதா?

சும்மா கவிதை மட்டும் எழுதிக்கிட்டு உட்காரலை மனுஷன். 1860-ல விதவை மறுமணம் பத்தி ஜதுநாத்ஜி மகாராஜ்ங்கிற பெரிய மதத்தலைவரோட பொதுச்சபையில வாதம் பண்ணினார். (இதே ஜதுநாத்ஜி பத்திரிகைக்காரர் கர்சன்தாஸ் மூல்ஜி மேல போட்ட மானநஷ்ட வழக்குதான் 2024-ல வந்த 'மகாராஜ்' படத்தோட கதை. 1862-ல தீர்ப்பு கர்சன்தாஸ் பக்கம்.) 1864-ல 'டாண்டியோ'ன்னு ஒரு பத்திரிகை. ராத்திரி காவல்காரர் தடியைத் தட்டி ஊரை உஷார்ப்படுத்துவாரே, அந்த அர்த்தத்தில வச்ச பேர். 1866-ல தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். குஜராத்தியில முதல் சுயசரிதைகள்ல ஒண்ணு. அது எல்லார் கைக்கும் வந்தது அவர் நூற்றாண்டில், 1933-ல!

எல்லாத்துக்கும் மேல 'நர்மகோஷ்'. சுமார் 25,000 சொற்கள் கொண்ட குஜராத்தி அகராதி. கிட்டத்தட்ட தனி ஆளா பத்து வருஷத்துக்கு மேல உழைச்சு 1873-ல முழுசா கொண்டுவந்தார். கையில காசு இல்லை, கடன் மட்டும் இருந்தது. குஜராத்தின் பெருமையைப் பாடற அவரோட புகழ்பெற்ற பாட்டும் இந்த அகராதியோட முன்னுரையில வந்ததுதான்.

ஆளைப் புகழ்ந்துட்டே போனா நியாயமில்லை. 1869-ல நர்மதாகௌரிங்கிற விதவையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். சொன்னதைச் செஞ்சு காட்டினார், சரி. ஆனா வீட்டில மனைவி டாஹிகௌரி உயிரோட இருந்தாங்க. சீர்திருத்தத்தோட செலவுக் கணக்கில பாதி அந்த அம்மா பேர்லதான் எழுதப்பட்டிருக்குன்னு எனக்குத் தோணும். கடைசிக் காலத்தில சீர்திருத்தக்காரங்களையே கேள்வி கேட்டு, பழைய தர்மத்து பக்கம் சாய்ஞ்சு 'தர்ம விசார்' எழுதினார். பழைய நண்பர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இப்ப என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வர்றேன். 1882-ல, 24 வருஷம் கழிச்சு, சபதத்தை உடைச்சு கோகுல்தாஸ் தேஜ்பால் அறக்கட்டளையில வேலைக்குச் சேர்ந்தார். வேற வழியில்லை. அந்த வருத்தம் அவரை விடவேயில்லைன்னு சொல்றாங்க. 1886 பிப்ரவரி 26-ல போயிட்டார். வயசு 52.

என் மேஜை டிராயர்ல ஒரு ராஜினாமா கடிதம் இருக்கு. தேதி போடாம எழுதினது, தங்கமணிக்குக்கூடத் தெரியாது. வீட்டுக் கடன், பொண்ணு ஸ்கூல் ஃபீஸ்னு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். "நர்மத்தே கடைசியில வேலைக்குப் போனாரே, பார்த்தியா"ன்னு ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் தோத்தது கடைசி நாலு வருஷம். அதுக்கு முன்னாடி இருக்கிற 24 வருஷத்தில ஒரு அகராதி இருக்கு, ஒரு பத்திரிகை இருக்கு. எனக்கு சபதமும் இல்லை, அகராதியும் இல்லை.

நான் வேலையை விடப் போறதில்லை மக்களே, பயப்படாதீங்க. ஆனா நர்மத்தைக் காரணம் காட்டறதை விட்டுட்டேன். சூரத் பல்கலைக்கழகத்துக்கு 2004-ல அவர் பேரைத்தான் வச்சாங்க. அந்தப் பக்கம் போனீங்கன்னா, ஆம்லிரான் தெருவில அவர் வீடு இருக்கு, 'சரஸ்வதி மந்திர்'னு பேர். ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.

சட்டைப் பையில பேனா இருந்தா, உள்ளே போறப்போ ஒரு தடவை தொட்டுப் பாருங்க.