குதிரையைச் சுமந்தவர்கள்

குதிரை மனிதனைச் சுமப்பது உலக வழக்கம். மனிதன் குதிரையைச் சுமப்பது தமிழ்நாட்டு வழக்கம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்குப் போய்ப் பாருங்கள். கள்ளழகர் தங்கக் குதிரை மீதேறி வைகையில் இறங்குகிறார். அழகரையும் குதிரையையும் சேர்த்துத் தோளில் தாங்கி வருகிறவர்கள் மனிதர்கள். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா ஜம்மென்று சவாரி வருவது போலத் தோன்றும். உண்மையில் கட்டைக் கால்களின் மேல் நிற்கும் ஓர் ஏழைக் கலைஞன் குதிரைக் கூட்டைத் தன் உடம்பில் மாட்டிக்கொண்டு ஆடுகிறான்.

இது ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டே சில சரித்திரப் புத்தகங்களைப் புரட்டினேன். அங்கே கண்டது அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

குதிரை நம் மண்ணின் பிராணி அல்ல. இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்னர் ரஷ்யாவின் தென்பகுதிப் புல்வெளிகளில் பழக்கப்பட்டவை என்று 2021-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. அதற்குக் கண்ணுக்கெட்டிய தூரம் புல் வேண்டும். நம்மிடம் இருந்தவை வயலும் வெயிலும் புழுக்கமுந்தான். மாடு இங்கே பெருகிற்று, குதிரை பெருகவில்லை. ஆனால், பக்கத்து ராஜாவிடம் குதிரைப் படை இருக்கும்போது நம் ராஜா மாட்டு வண்டியிலா யுத்தத்துக்குப் போவார்? ஆகவே கப்பலில் தருவித்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் 'பட்டினப்பாலை' குறிப்பிடுகிறது.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் காயல் துறைமுகத்துக்கு வந்ததை எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம்! பாலைவனத்துப் பிராணிக்கு இங்கே சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள். ராஜா வீட்டுக் குதிரை அல்லவா, ராஜோபசாரம்! நோய் கண்டால் பார்க்கத் தெரிந்தவர் இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பாராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த கப்பல் சரக்கை யார் வாங்குவது?

பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் விலையையும் சொல்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். கடலில் வரும் வழியில் செத்துப்போனாலும் பாண்டியர் விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தப் பொன் அரசாங்கக் கஜானாவிலிருந்துகூட வரவில்லையாம். கோயில் சொத்துக்களின் வருமானத்திலிருந்தும் தேவதாசிகள் மீது விதித்த வரியிலிருந்தும் வந்ததாம்.

இதைப் படித்த பிறகு மாணிக்கவாசகர் கதை எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. காலம் சில நூற்றாண்டு முந்தியதுதான். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மந்திரி திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வருகிறான். இரவில் அவை மறுபடி நரிகளாகி ஓடிவிடுகின்றன. நமக்கு அது திருவிளையாடல். ஆனால், பொன் கொடுத்து வாங்கிய குதிரை நாளைக்கு இல்லாமல் போவது, போலோ கண்ட பாண்டிய நாட்டுக் கணக்கருக்கு வருஷாவருஷம் எழுதும் செலவு.

புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கிராமத்தில், ஐயனாருக்கு மண்குதிரை செய்கிற முதியவர் ஒருவரைப் பார்த்தேன். வேளார், கோயில் பூசாரியும் அவரே. வைக்கோல் கலந்து பிசைந்த மண்ணால் நான்கு கால்களை முதலில் நிறுத்தி, அவற்றின் மேல் வயிற்றை வளைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, நீங்கள் எப்போதாவது குதிரை ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "பக்கத்திலேகூட நின்னதில்லீங்க. ரயிலடியிலே ஜட்காக் குதிரையைப் பார்த்திருக்கேன். எலும்பும் தோலுமா நிக்கும்."

"பிறகு இதை மட்டும் இவ்வளவு மிடுக்காக எப்படிச் செய்கிறீர்கள்?"

"ராத்திரியிலே ஐயனார் ஊரைச் சுத்தி வர்ற குதிரையில்லீங்களா? இளைச்ச குதிரையைக் கொடுக்கலாமுங்களா?"

புரவி எடுப்பு நாளில் ஊரார் கூடி அந்தக் குதிரைகளைச் சுமந்துபோய்க் கோயிலில் வைப்பார்கள். அன்று அரசர் வாங்கிய குதிரைகளின் விலையைச் சுமந்ததும் இவர்களுடைய முன்னோர்கள்தாம். அந்தக் குதிரைகளில் ஒன்றின் மீதாவது ஏறிப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கொடுத்த பொன்னுக்கு ஈடாக ஒரு குதிரை தங்கள் ஊருக்குக் காவலாக நிற்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, தாங்களே மண்ணில் செய்துகொண்டார்கள். அதற்குப் புல் வேண்டாம். அரபு தேசத்து வைத்தியனும் வேண்டாம். மழையில் சிதைந்தால் அதே குளத்து மண்ணை எடுத்து இன்னொன்று செய்துகொள்ளலாம்.