பூங்கோரை என்றால் புரியும்

அறிவியல் அறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பில் பாதி. "தீங்கு விளைவிக்கும் நுண்பாசிப் பெருக்கம்" என்று இலக்கணச் சுத்தமாக எழுதுவது தமிழ் எம்.ஏ. படித்த எனக்குச் சிரமமில்லை. ஆனால் மண்டபம் பக்கத்து மீனவர்களிடம் கடலைப் பச்சையாக்கும் பாசிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: பூங்கோரை.

2019 செப்டம்பரில் அது மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. பாம்பன், மண்டபம் கரையோரம் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்து ஒதுங்கின. காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்து கூட்டத்தை ஈர்த்ததற்கும் இதுவே காரணம் என்றார்கள் விஞ்ஞானிகள். ஒரே உயிரி ஓரிடத்தில் வேடிக்கை, மற்றோரிடத்தில் சாவு.

நாக்டிலூகா நஞ்சு சுரந்து கொல்வதில்லை. அளவுக்கு மீறிப் பெருகி, மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. அந்த முறை ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீனாவது நீந்தித் தப்பப் பார்க்கும். பவளம் எங்கே போகும்? மண்டபத்தை ஒட்டிய தீவுப் பகுதியில் பவளங்கள் இருந்த இடத்திலேயே மடிந்தன.

நஞ்சு சுரக்கும் பாசிகளும் உண்டு. அவற்றைத் தின்ற மட்டியின் உடலில் நஞ்சு சேரும், சமைத்தாலும் போகாது. 1981-ல் தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மட்டியைச் சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 3 பேர் இறந்தார்கள்.

ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடலின் நிறத்தை வைத்துப் பாசிப் பெருக்கத்தைக் கண்காணிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேகம் மூடினால் அந்தக் கண்ணுக்குக் கடல் தெரியாது. தெரிந்தாலும், அது என்ன பாசி, நஞ்சுள்ளதா என்பதை நிறத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. யாராவது தண்ணீரை மொண்டு வந்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். மேகத்துக்குக் கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பவர் மீனவர்.

நான் வசிக்கும் கோலார் தங்கவயலில் கடல் இல்லை. ஆனால் எச்சரிக்கையின் அருமை தெரிந்த ஊர் இது. ஆழத்தில் அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே வீடுகள் அதிரும். நிபுணர்கள் அதிர்வுமானிகள் வைத்துக் கண்காணித்தார்கள். அவர்கள் அதற்குப் 'பாறை வெடிப்பு' என்று பெயர் வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு அது 'ஏர் பிளாஸ்ட்'. சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. இன்றைக்கும் இங்குள்ள பெரியவர் ஒருவரிடம் பாறை வெடிப்பு என்று சொல்லிப் பாருங்கள், தலையாட்டுவார். ஏர் பிளாஸ்ட் என்றால் முகமே மாறிவிடும்.

அந்த முகமாற்றம்தான் எச்சரிக்கை. அகராதிச் சொல்லுக்கு அந்தச் சக்தி இல்லை.

ஆகவே இப்போதெல்லாம் பூங்கோரை என்று முதலில் எழுதி, விஞ்ஞானப் பெயரைப் பிறகு சேர்க்கிறேன். இது மொழிப்பற்று அல்ல, பாதுகாப்பு. ஐதராபாத்திலிருந்து வரும் செய்தி மீனவருக்குப் புரிய வேண்டும். "பூங்கோரை வந்திருக்கிறது" என்று அவர் கரையிலிருந்து தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருப்பவருக்கும் அது புரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சொல் புழங்கினால், அடுத்த முறை மீன் செத்து ஒதுங்கும் முன்பே தண்ணீர் மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்.