தூரத்திலேயே பார்த்துவிட்ட அப்பா

எங்க அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஃபர்னஸில் வேலை பார்த்தார். சம்பள நாளில் குடித்துவிட்டு வருவார் என்று அம்மா எங்களைப் பக்கத்து வீட்டில் படுக்க வைப்பாள். குடியை வெறுத்தே வளர்ந்தேன். 2003-இல் டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்தபோது எனக்கு 19 வயது. நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கேதான் போனேன். 11 வருடம் போனேன்.

ஒரு ஞாயிறு, லோக்கல் ரயிலைத் தவறவிட்டு, ஸ்டேஷன் பக்கம் ஷீட் கூரை போட்ட சிறு சபையில் வெயிலுக்கு ஒதுங்கினேன். லூக்கா 15 வாசித்துக்கொண்டிருந்தார்கள். பன்றி மேய்த்த மகன் வீடு திரும்புகிறான். தூரத்திலேயே பார்த்துவிட்ட தகப்பன் ஓடி வருகிறார். கணக்குக் கேட்கவில்லை. எனக்காக யாரும் அப்படி ஓடி வந்ததில்லை. அழுதேன்.

ஜெபித்ததும் கை நடுக்கம் நின்றது என்று சாட்சி சொல்ல மாட்டேன். பல வருடம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதைச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தவரே எங்கள் போதகர்தான். மருந்து உடம்பைத் தேற்றியது. கடை வாசலைத் தாண்டி நடக்க வைத்தவர் இயேசு.

அப்பாவை மன்னிக்கத்தான் ரொம்ப நாளானது.

உங்கள் வீட்டில் யாராவது தவித்தால் 14446-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச போதை மீட்பு உதவி எண் அது.