கடமலைக்குண்டு பஞ்சுக்கு எண்ணூரில் என்ன வேலை?

வீட்டில் பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருக்கிறதா? ஓரத்துத் தையலைக் கொஞ்சம் பிரித்து, ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றி, அதன்மேல் பஞ்சை மெதுவாக வையுங்கள். பஞ்சு மூழ்காது. சற்று நேரத்தில் எண்ணெய் பஞ்சுக்குள் ஏறிவிடும். தண்ணீர் டம்ளரிலேயே நிற்கும். அடுத்து, மருந்துக்கடையில் வாங்கிய பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

குழந்தைகளுக்கு இது ஒரு வித்தை. வேதியியல் ஆய்வாளர்களுக்கோ கால் நூற்றாண்டாக ஆராயும் விஷயம். தேனி மாவட்டம் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பகுதிகளில் இலவ மரம் வைத்திருப்பவர்களுக்கு இது பிழைப்பு.

குழலும் மெழுகும்

இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுமையான ஒரு குழல். சுவர் மிக மெல்லியது. இழையின் பெரும்பகுதி காற்றுதான். இழையின் வெளிப்புறத்தில் இயற்கையாகவே மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகு தண்ணீரைத் தள்ளிவிடுகிறது, எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. இழுத்த எண்ணெய் இழைகளுக்கு நடுவிலும் குழலுக்குள்ளும் போய்த் தங்கிவிடுகிறது.

இதே குணத்தால்தான் இலவம்பஞ்சை நூலாக நூற்பது கடினம். இழை வழவழவென்று இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. தறிக்கு உதவாததால் மெத்தைக்கும் தலையணைக்கும் போனது. ஒரு காலத்தில் மிதவைச் சட்டைகளுக்கும் போனது. நூலுக்கு ஆகாத அந்தக் குணம் எண்ணெய்க்கு ஆகும் என்பதை ஆய்வகங்கள் அளந்து காட்டின.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், தண்ணீரில் கலந்திருக்கும் எண்ணெயை இலவம்பஞ்சு தன் எடையைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு உறிஞ்சுவதாக வெளியிட்டார்கள். நல்ல தண்ணீரிலும் கடல் நீரிலும் இதே கதைதான். 2007-ல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. தளர்வாக அடைத்த ஒரு கிராம் பஞ்சு 36 கிராம் டீசலைப் பிடித்தது. இன்ஜின் ஆயில் என்றால் 45 கிராம். தூக்கி ஒரு மணி நேரம் தொங்கவிட்டும் டீசலில் 8 சதவிகிதத்துக்கும் குறைவாகவே சொட்டியது. பிழிந்து, மறுபடி பயன்படுத்தி, இப்படி 4 முறை செய்த பிறகும் உறிஞ்சும் திறனில் சுமார் 30 சதவிகிதம் மட்டுமே குறைந்தது.

அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பஞ்சை இறுக்கி அடைத்தால் 36 மடங்கு என்பது 8 மடங்குக்கு இறங்கிவிடுகிறது. ஆக, பஞ்சு இருந்தால் மட்டும் போதாது, அதை எப்படி அடைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு திணித்தால் தலையணை கல்லாகும், எவ்வளவு விட்டால் பூவாக இருக்கும் என்பது மெத்தை தைப்பவர்களின் கைக்குத் தெரிந்த கணக்குதான்.

எண்ணூரில் வாளியோடு நின்றவர்கள்

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்றிலிருந்து கொட்டிய எண்ணெய் கறுப்புக் கூழாகக் கரைக்கு வந்து, பாறைகளுக்கு நடுவே தேங்கியது. மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள் எல்லோரும் வரிசையாக நின்று வாளியில் அள்ளினார்கள். அந்தப் படங்களை நாடே பார்த்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணூர் கழிமுகத்துக்குள் பரவியது. படகு, வலை, அலையாத்தி வேர், பறவைகளின் இறகு, எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. எண்ணெய் உறிஞ்சும் செயற்கைத் தடுப்புகளும் இயந்திரங்களும் பிறகு வந்தன. ஆனாலும் படகில் போய் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள்தான். ஏறத்தாழ ஏழு வருட இடைவெளியில் அதே கடற்கரை, அதே வாளி.

இதற்கும் கடமலைக்குண்டுக்கும் நடுவே ஐநூறு கிலோமீட்டர் தூரம். இலவம்பஞ்சு இருந்திருந்தால் எண்ணூர் தப்பித்திருக்கும் என்று சொன்னால் அது மிகை. தாரைப்போல் கெட்டியாகி, மண்ணோடும் குப்பையோடும் குழைந்த எண்ணெயை எந்தப் பஞ்சும் எளிதில் உறிஞ்சாது. தண்ணீர்மேல் மெல்லிய படலமாக எண்ணெய் பரவும் முதல் சில மணி நேரங்களில்தான் பஞ்சுக்கு வேலை. அந்த நேரத்துக்கு அது கரையில் தயாராக இருக்க வேண்டும். அப்படியே வாரி இறைத்தால் காற்றில் பறந்துவிடும். எனவே வலைத்துணிக்குள் நீளமாகத் தைத்து வைக்க வேண்டும். எண்ணெய் குடித்த பஞ்சு சட்டெனத் தீப்பிடிக்கும் என்பதால் அதை அப்புறப்படுத்தவும் முறையான ஏற்பாடு வேண்டும். இத்தனையும் பஞ்சு தேவைப்படும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள்.

மரத்தடியில் இருப்பவர்கள்

மூல வைகையை ஒட்டிய இந்த மலையடிவாரங்களில் இலவம் மானாவாரி மரம். இலையுதிர்ந்து நிற்கும் கிளைகளில் காய் தொங்கும். மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் காய் முற்றிக் காயும். மரமேறித் தட்டி உதிர்த்து, ஓடு உடைத்து, பஞ்சையும் விதையையும் பிரிக்க வேண்டும். நடுவில் கோடைமழை வந்தால் வெடித்த பஞ்சு நனைந்து கறுத்துவிடும். பிரித்த பஞ்சுக்குப் பெரிய சந்தை போடிநாயக்கனூர். அங்கே மெத்தையும் தலையணையும் ஆகி வெளியூர்களுக்குப் போகிறது.

ஆனால் வீடுகளில் ஃபோம் மெத்தை வந்துவிட்டது. பஞ்சை அடிக்கவும் வெயிலில் போடவும் யாருக்கும் நேரமில்லை. விலை இறங்கும் ஆண்டுகளில் ஏறுகூலிக்கும் உடைகூலிக்கும் கணக்குப் பார்த்துவிட்டு, காயை மரத்திலேயே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார் விவசாயி. இலவு காத்த கிளி என்று ஏமாந்தவரைச் சொல்வோம். அந்தக் கிளி பழத்துக்குக் காத்திருந்தது, பஞ்சு கிடைத்தது. இவர்கள் பஞ்சுக்குத்தான் காத்திருக்கிறார்கள், பஞ்சும் கிடைக்கிறது. அதை வாங்க ஆள் வருவதில்லை.

மரம் வெட்டப்பட்டால் நஷ்டம் அவருக்கு மட்டுமில்லை. இலவம் பூ பொழுது சாய்ந்த பிறகு மலரும். இரவில் தேன் தேடி வருபவை பழந்தின்னி வௌவால்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலவ மரத்துக்கு வரும் வௌவால்களைக் கவனித்து, மகரந்தச் சேர்க்கையில் அவற்றின் பங்கை 2005-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். எலி, காகத்தோடு சேர்த்து ‘தீங்கு செய்யும் உயிர்கள்’ பட்டியலில் இந்திய வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வைத்திருந்த பிராணி இது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரருக்கு வௌவாலைப் பிடிக்காது. அதே வௌவால்தான் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரின் மரத்தில் இரவுவேலை பார்க்கிறது.

தூசியைக் கணக்கில் எடுங்கள்

இலவம்பஞ்சுக்கு நல்ல காலம் வர வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விஷயம், அதைப் பிரிப்பவர்களின் மூச்சு. காய் உடைக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால் காற்றே வெள்ளையாக இருக்கும். முக்காட்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வேலை பார்ப்பார்கள். இலவம்பஞ்சுத் தொழிலாளர்களின் உடல்நலத்தை இலங்கை மருத்துவர் சி.ஜி. உரகொட ஆராய்ந்து, பிரிட்டிஷ் தொழில்சார் மருத்துவ இதழில் 1977-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் பல கொட்டகைகளில் பாதுகாப்பு என்றால் சேலைத் தலைப்புதான். நாளை பஞ்சுக்குப் புதுச் சந்தை திறந்தால் உற்பத்தி கூடும். உற்பத்தி கூடினால் தூசியும் கூடும். நல்ல முகக்கவசம், காற்றுப்போக்கு, தூசியை இழுக்கும் விசிறி, ஆண்டுக்கு ஒரு முறை நுரையீரல் பரிசோதனை எல்லாம் பஞ்சின் விலைக்குள்ளேயே சேர வேண்டிய செலவுகள்.

ஆக, ஒரே மரத்தைப் பற்றி வேதியியல், சூழலியல், உயிரியல், மருத்துவம் என நாலு பக்கமும் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். சீன ஆய்வாளர்கள் 2013-ல் இதே பஞ்சு சத்தத்தை எவ்வளவு உறிஞ்சும் என்றுகூட அளந்தார்கள். கட்டுரைகள் ஆங்கிலத்தில், இதழ்களில் இருக்கின்றன. மரம் கடமலைக்குண்டில் இருக்கிறது. ஆய்வு முடிவு என்பது அச்சானதும் முடிந்துவிடுவதில்லை. மரமேறுகிறவரின் கூலியில் நாலு ரூபாய் கூடும்போதுதான் அது ஊருக்கு வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

அதற்குப் பெரிய தொழிற்சாலை உடனே வேண்டியதில்லை. எண்ணெய் கையாளும் துறைமுகங்களும் ஆலைகளும் அவசரத்துக்கென உறிஞ்சுபொருள்களை எப்படியும் வாங்கி வைக்கின்றன. அவற்றில் ஒரு பங்கை இலவம்பஞ்சில் வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். கடல் வரை போகவும் வேண்டாம். மெக்கானிக் ஷெட், பஸ் டிப்போ, பெட்ரோல் பங்க் என்று தினமும் தரையில் ஆயில் சிந்தும் இடங்கள் தேனியிலேயே இருக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தலையணை தைக்கும் அதே மெஷினில் எண்ணெய் உறிஞ்சும் பைகளைத் தைக்கலாம். எந்த அளவுக்கு அடைத்தால் எவ்வளவு பிடிக்கும் என்பதை அருகிலுள்ள கல்லூரி ஆய்வகம் ஒன்று சோதித்துச் சான்று தரலாம். அடுத்த மாசிக்குள் பத்து மூட்டைக்கு ஓர் ஆர்டர் வந்தால்கூடப் போதும், இந்த வருடம் வெட்டலாமா என்று யோசித்த மரத்தில் இன்னொரு முறை காய் பிடிக்கும்.