இறக்கத் தெரிந்து ஏற்றிய காற்றாலை

கட்ச் மாவட்டத்தில் வைகாசி பிறந்துவிட்டால் தென்மேற்குக் காற்றுக்கு ஓய்வென்பது கிடையாது. காந்திதாமத்தில் மொட்டை மாடியில் உலர்த்திய வேட்டி அடுத்த தெருவில் கண்டெடுக்கப்பட்ட கதைகளை நம்மவர் பலரும் சொல்வர். நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இக்காற்று புதியதன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக் காற்றில் வளர்ந்தவர்கள் அவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்பவர்கள். அவ்வாறு காட்டப்பெற்ற பிள்ளைகளுள் இருவர், "அங்கே சுழல்வது நம் குடியிருப்பில் ஏன் சுழலக் கூடாது?" என்று 2022ஆம் ஆண்டுக் கோடையில் வினவினார்கள். விடை சொல்லும் பொறுப்பு பெரியவர்களாகிய எங்கள்மேல் விழுந்தது.

முப்பந்தலில் நிற்பவை மூன்று இறக்கைகளோடு காற்றை எதிர்நோக்கி நிற்கும் வகையைச் சேர்ந்தவை. காற்றின் திசை மாறினால் அவையும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வெட்டவெளியில் அது நன்று. நான்கு பக்கமும் கட்டடங்கள் எழுந்த இடத்திலோ காற்று ஒரு திசையில் வருவதில்லை. சுவரில் மோதி, சுழன்று, குழம்பி வருகிறது. அத்தகைய இடத்துக்கு அச்சு செங்குத்தாக நிற்கும் வகையே ஏற்றது என்று முடிவு செய்தோம். எப்பக்கத்துக் காற்றும் அதற்கு ஒன்றே. மேலும், மின்னாக்கியை உச்சியில் ஏற்றாமல் கை எட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. ஈரானின் கிழக்கே நஷ்திஃபான் என்னும் ஊரில் மண்ணும் மரமும் கொண்டு எழுப்பிய பழைய காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. மாவரைக்க ஏற்பட்ட அவற்றின் அச்சுகள் யாவும் செங்குத்தானவையே. அங்கே ஒரு சிக்கல் உண்டு. நட்டு வைத்த அச்சின் ஒரு பக்கப் பலகையைக் காற்று முன்னே தள்ளினால், மறுபக்கப் பலகையைப் பின்னே தள்ளும். இரண்டும் சமமானால் ஆலை நகராது. ஆகவே ஒரு பக்கத்தைச் சுவரெழுப்பி மறைத்தார்கள். சிகுர்த் சவோனியஸ் என்னும் பின்லாந்துப் பொறியாளர் 1920களில் சுவருக்கு வேலையில்லாமல் செய்தார். ஓர் உருளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் சற்றே விலக்கி, மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்தாகிய 'எஸ்' போலத் தோன்றும்படி அமைத்தார். குழிந்த பக்கம் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. குவிந்த பக்கம் அதை வழுக்கி விட்டுவிடுகிறது. அதே காலத்தில் பிரான்சு நாட்டு ஜார்ஜ் தாரியூ வகுத்த வளைந்த இறக்கை வகை இதைவிட வேகமாகச் சுழலும். மின்சாரமும் மிகுதியாகத் தரும். ஆனால் தானாகப் புறப்படுவதற்கு அது தயங்கும். அதன் இறக்கைகளைச் செம்மையாக வளைப்பது நம் பட்டறைக் கையில் அடங்குவதுமன்று. பீப்பாயைப் பிளக்க யாராலும் இயலும்.

காந்திதாமத்தில் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் காண்ட்லாத் துறைமுகம் இருக்கிறது. எனினும் எதைக் கொள்வது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். பெட்ரோலோ, தின்னரோ இருந்த பீப்பாய் காலியானபின்னும் அதனுள் ஆவி தங்கியிருக்கும். தீப்பொறி பட்டால் வெடித்துவிடும். சமையலெண்ணெய் வந்த 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டை வாங்கிச் சோடா உப்பிட்டுக் கழுவி, பின்னர் அறுத்தோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 88 சென்டிமீட்டர் உயரம், 58 சென்டிமீட்டர் விட்டம். ஒரு பீப்பாயின் பாதிகளைக் கீழே ஒரு திசையிலும், மற்றதன் பாதிகளை அதன்மேல் குறுக்குத் திசையிலும் பொருத்தினோம். ஒரே அடுக்காக இருந்தால் சில நிலைகளில் காற்று வீசியும் சுழலி அசையாமல் நின்றுவிடும். இரண்டடுக்கில் ஒன்று தூங்கினால் மற்றது எழுப்பிவிடும்.

கார் ஆல்டர்னேட்டரைப் பூட்டலாம் என்றார் ஓர் அன்பர். கணக்குப் பார்த்தோம். வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் எங்கள் சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை சுற்றும். கார் ஆல்டர்னேட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்று வேண்டும். அதற்குப் பல்லும் பட்டையும் கட்டிப் பெருக்கப் போனால் கிடைக்கும் வலுவை உராய்வே விழுங்கிவிடும். பழுதடைந்த மின் ஸ்கூட்டர் ஒன்றின் சக்கர மோட்டார் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. காந்தங்கள் உள்ளேயே பதிந்த அந்த மோட்டார், மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரவல்லது. ஒரு பெல்ட்டால் வேகத்தை மும்மடங்காக்கி, ஆறு டயோடுகளைக் கோத்து, 12 வோல்ட் பேட்டரியுடன் இணைத்தோம்.

இனி, எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இவ்விடத்தில்தான் பலரும் ஆசையால் ஏமாறுகிறார்கள். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒன்று. எங்கள் சுழலியின் முகப்பு ஏறத்தாழ 1.87 சதுர மீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அதன் வழியே செல்லும் காற்றில் 140 வாட் ஆற்றல் உண்டு. எத்துணைச் சிறந்த காற்றாலையும் அதில் 59 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க இயலாது என்பது பெட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் நிறுவிய எல்லை. பீப்பாய்ச் சுழலியோ 15 விழுக்காடு எடுத்தாலே நன்று. மோட்டாரிலும் கம்பியிலும் போவது போக எங்கள் கைக்கு வருவது சுமார் 12 வாட். வேகம் 3 மீட்டராகக் குறைந்தால் பேட்டரிக்குள் ஒன்றுமே போகாது. இச்செலவில் 100 வாட் சூரியத் தகடுகள் இரண்டு வாங்கியிருக்கலாம். கட்ச் வெயிலில் ஒரு தகடே நாளொன்றுக்கு 400 வாட் மணி தரும். இதை மறைத்துக் காற்றாலைக்குப் புகழ் பாடுவது நேர்மையாகாது. பிள்ளைகளிடமும் இதை முதலிலேயே சொல்லிவிட்டோம். "மாடிப்படி விளக்குக்குப் போதுமா?" என்று கேட்டாள் சிறியவள். இரண்டு படிக்கட்டுகளிலும் 5 வாட் விளக்கொன்று ஆறு மணி நேரம் எரிய 60 வாட் மணி போதும். அது போதுமென்றாள்.

தடை வேறொரு திசையிலிருந்து வந்தது. எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் தூத்துக்குடிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். காண்ட்லாவில் முப்பதாண்டு பாரந்தூக்கி வேலை பார்த்தவர். 1998ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள் அத்துறைமுகத்தைத் தாக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன புயலில் தம் உடன் வேலையாட்களை இழந்தவர். இரும்புத் தகடுகள் காற்றில் பறந்து வந்ததைக் கண்ணால் கண்டவர். பாதி முடிந்த எங்கள் சுழலியை ஒருநாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "தம்பி, இதை எப்படி ஏற்றுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. எப்படி இறக்குவீர்கள்? அதைச் சொல்லுங்கள், அப்புறம் ஏற்றலாம்" என்றார்.

அக்கேள்விக்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருந்தது என்பதைக் கணக்கே காட்டியது. வினாடிக்கு 6 மீட்டர் காற்று எங்கள் சுழலியைத் தள்ளும் விசை 5 கிலோ எடைக்கு நிகர். மணிக்கு 120 கிலோமீட்டர் புயலில் அதே விசை 150 கிலோவை எட்டும். பெரிய காற்றாலைகள் புயலில் தம் இறக்கைகளைத் திருப்பிக் காற்றுக்கு வழிவிட்டு நிற்கும். பீப்பாய்க்கு அந்த வித்தை தெரியாது. நின்றாலும் காற்றை ஏற்றே தீரும். மோட்டாரின் மூன்று கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அது தடைபோல் இறுக்கிப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் கடுங்காற்றில் அப்பிடி வழுக்கிக் கம்பிச் சுருள் கருகிவிடும். பேட்டரி நிறைந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் சூரியத் தகட்டுக் கருவியையும் இங்கே அப்படியே பயன்படுத்தலாகாது. சுமையற்ற சுழலி கட்டவிழ்ந்த காளை ஆகிவிடும். ஆகையால், பேட்டரி நிறைந்ததும் மிகுதி மின்சாரம் ஒரு கார் முகப்பு விளக்குக்குப் போகுமாறு அமைத்தோம். அவ்விளக்கு ஒளிர்ந்தால் பேட்டரிக்கு வயிறு நிறைந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

மாடியில் நிறுத்தும் எண்ணத்தையும் விட்டோம். 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நிலநடுக்கத்தைக் கண்ட ஊரில், மாடித் தளத்தைத் துளையிட்டு ஆடும் சுமையொன்றை ஏற்ற எவருக்கும் மனம் வராது. குடியிருப்பின் தென்மேற்கு மூலையில், கட்டடம் காற்றை மறைக்காத இடத்தில், நான்கு மீட்டர் குழாய்க் கம்பத்தின்மேல் சுழலியைச் சட்டத்தோடு நிறுத்தினோம். கம்பத்தின் அடியில் கீல். நான்கு பக்கமும் ஸ்டே கம்பி. கீழே இறக்கும் ஏற்பாடு முழுவதும் பெரியவருடையது. அடிக்கம்பத்துக்குச் செங்கோணத்தில் இன்னொரு குட்டைக் கம்பத்தைப் பொருத்தி, அதன் நுனியில் செயின் புல்லியை மாட்டச் செய்தார். பக்கத்து ஸ்டே கம்பிகள் இரண்டின் முளைகளும் கீலின் அதே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்று நூல் பிடித்துக் காட்டினார். அப்போதுதான் கம்பம் சாயும்போது அக்கம்பிகள் தளராமலும் இறுகாமலும் இருக்கும். கப்பலில் பாரமிறக்கும் முறை அதுவே என்றார். முதல் ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் சென்றது. ஐந்தாவது ஒத்திகையில் இருபது நிமிடம். அதன் பின்னரே, 2022 டிசம்பரில், சுழலியைக் காற்றில் விட அவர் இசைந்தார்.

குளிர்காலத்தில் அது பெரும்பாலும் உறங்கியது. அக்கம்பக்கத்தார் சிலர், பீப்பாய்க்குக் கோயில் கட்டினீர்களோ என்று கேலியும் பேசினர். சித்திரை கடந்து காற்று வலுத்தபின் மாடிப்படி விளக்குகள் நாள்தோறும் அதன் மின்சாரத்திலேயே எரிந்தன.

2023 சூன் மாதம் பிபர்ஜாய் புயல் அரபிக் கடலில் உருவாகிக் கட்ச் நோக்கித் திரும்பியது. காண்ட்லாத் துறைமுகம் வேலையை நிறுத்தியது. தாழ்ந்த பகுதி மக்கள் வெளியேற்றப்பட்டனர். 14ஆம் நாள் காலையில் பெரியவர் கையில் புல்லிச் சங்கிலியோடு கீழே வந்து நின்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவரவர் இடத்தில் அவரவர் நின்றனர். கம்பம் படுத்தது, சுழலியைச் சுவரோரம் கயிற்றால் பிணைத்து மணல் மூட்டைகளை அடுக்கினோம். மறுநாள் மாலை ஜக்காவுத் துறைமுகத்தருகே புயல் கரை கடந்தபோது காற்று மணிக்கு 115 முதல் 125 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதாக வானிலைத் துறை அறிவித்தது. ஜக்காவு எங்களுக்கு வெகுதொலைவு மேற்கே. எனினும் எங்கள் தெருவிலும் அன்றிரவு விளம்பரப் பலகைகளும் கூரைத் தகடுகளும் பறந்தன. குஜராத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் குடியிருப்பும் இருண்டது.

17ஆம் நாள் காலை மழை ஓய்ந்து, காற்று அளவோடு வீசத் தொடங்கியது. பெரியவர் தலையசைத்தார், ஏற்றினோம். வானம் மூடியே இருந்த அந்நாளில் முற்பகலுக்குள் பேட்டரி பாதி நிறைந்தது. குடியிருப்பில் பெரும்பாலான கைப்பேசிகள் அதற்குள் உயிரிழந்திருந்தன. வரிசை வைத்து ஒவ்வொன்றுக்கும் அரைமணி என்று மின்சாரம் ஏற்றினோம். முதல் முறை கோவில்பட்டியிலிருந்து வந்து குடியிருக்கும் பெண்ணுக்கு. அவர் தாயார் இங்கிருந்து ஒரு சொல் வாராமல் இரண்டு இரவுகள் உறங்கவில்லையாம். "அம்மா, நாங்கள் நலம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வேறொன்றும் பேச இயலாமல் நின்றார். அன்று மாலை இரு படிக்கட்டுகளிலும் விளக்கு எரிந்தது. பீப்பாயைக் கேலி செய்த வீட்டாரும் தங்கள் கைப்பேசியை நீட்டினர். வரிசைப்படி அவர்களுக்கும் கொடுத்தோம்.

மறுநாள் ஊர் மின்சாரம் வந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கு இருமுறை இறக்குகிறோம்: வைகாசி பிறக்குமுன் ஒருமுறை, ஐப்பசியில் காற்று அடங்கியதும் ஒருமுறை. பேரிங்குக்குக் கிரீஸ் இட்டு, கீலின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசி, ஸ்டே கம்பிகளில் அறுந்த இழை உண்டா என்று துணியால் உருவிப் பார்க்கிறோம். புல்லிச் சங்கிலி இப்போதும் பெரியவர் வீட்டில்தான் இருக்கிறது. சென்ற முறை அதை அவர் சிறியவள் கையில் கொடுத்து, கொக்கியை எப்பக்கம் மாட்ட வேண்டும் என்று கேட்டார்.