வாப்பா, போப்பா

ரயில் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனோடு பேச ஆரம்பித்து 27 வருஷம், கல்யாணமாகி 23. முதல் நாலு வருஷ சிநேகிதம் முழுக்க இந்தத் தண்டவாளத்தின் மேல்தான். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. நாங்கள் சீசன் டிக்கெட் எடுத்த காலத்திலும் மீட்டர் கேஜ்தான். ஒடுக்கமான பெட்டி. எதிர் சீட்டுக்காரர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். தாம்பரத்தில் ஏறுகிறவன் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைப்பான். குரோம்பேட்டையில் நான் ஏறுவதற்குள் அந்தக் கைக்குட்டைக்காக இரண்டு பேரிடமாவது முறைத்திருப்பான்.

2004-ல் மீட்டர் கேஜ் நின்றபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். அகல ரயிலில் முழங்கால் இடிக்கவில்லை. இடித்துக்கொள்ளத்தான் வீடு இருந்ததே.

*

இந்த நோட்டில் மட்டும்தான் 'அவன்'. வீட்டுக்கு யாராவது வந்தால் 'அவர்'.

சென்னையில் 'பா'வுக்கு ஆண், பெண், வயசு எதுவும் கிடையாது. கீரைக்காரம்மாவும் என்னை 'வாப்பா' என்கிறாள், டிக்கெட் கவுண்டரில் முந்துகிறவனை நானும் 'இன்னாப்பா' என்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிப் பழகினோம். கல்யாணமான மூன்றாம் நாள் மாமியார் அடுப்படிக்கு வந்து குரலைத் தணித்துக்கொண்டார். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். "ஏம்மா, கட்டின புருஷனை வாப்பா போப்பான்னா வந்த ஜனம் என்ன நெனைக்கும்?"

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ஹாலில் 'வாங்க', மொட்டைமாடியில் 'வாப்பா'. முதல் தடவை 'என்னங்க' என்றபோது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தானாம்.

*

வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலத்தை 6-ஆம் அதிகாரத்தில் வைத்தார், நட்பை 79-ஆவதில். நடுவே 72 அதிகாரம். ஒன்று அறத்துப்பால், மற்றது பொருட்பால். சங்கப் பாட்டிலும் தலைவிக்குத் தோழி தனி, தலைவனுக்குப் பாங்கன் தனி. அதில் ஒரு வசதி உண்டு. தலைவன் மேல் கோபமென்றால் தோழி வாசலிலேயே மறித்து நாலு வார்த்தை கேட்டுவிடுவாள். எனக்கோ கோபத்துக்கு ஆளானவனும் புலம்பலைக் கேட்க வேண்டியவனும் ஒரே ஆள்.

அதற்குத்தான் மாடி. "எங்க வீட்டுக்காரர் இன்னிக்குப் பண்ணதைக் கேளுப்பா" என்று ஆரம்பிப்பேன். "அய்யய்யோ, அப்படியா பண்ணாரு?" என்று அவன் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் தரப்பைப் பேசக் கூடாது, பேசினால் கீழே இறங்கிவிட வேண்டும். ஒரு நாள் பேசிவிட்டு இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் காபி டம்ளரோடு படியேறி வந்தான். "அந்த ஆள் குடுத்தனுப்பிச்சாரு. உள்ள விடலாமான்னு கேக்கச் சொன்னாரு."

*

கல்யாணம் திருநீர்மலையில். சினிமாக் கல்யாணங்களும் வீட்டுக்குத் தெரியாத கல்யாணங்களும் நிறையப் பார்த்த மலை. எங்களுடையது தெரிந்து நடந்தது, ஆனால் முழுச் சம்மதமில்லை. சொந்தக்காரர்கள் குறைச்சல். ரயில் கோஷ்டி பதினோரு பேர் லீவு போட்டுவிட்டு வந்து இடத்தை நிரப்பினார்கள்.

அங்கே பெருமாளுக்கு நாலு கோலம்: நின்றது, இருந்தது, கிடந்தது, நடந்தது. சிநேகிதனாக இருந்த வரைக்கும் இவன் நின்றதையும் நடந்ததையும்தான் பார்த்திருந்தேன். 2006-ல் சிக்குன்குனியா வந்து, விரலை மடக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்தேன். பிறகு வேலை போய் ஏழு மாசம் வீட்டில் இருந்ததையும் பார்த்தேன். அந்த ஏழு மாசமும் தினம் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பான். "வேலை எங்கப்பா கேட்டே?" என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அன்றைக்கு ரயிலில் நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டு வருவேன். மனைவியாக மட்டும் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

*

ரயில் சிநேகிதி மகளுக்குப் போன மாசம் சுயமரியாதைத் திருமணம். பத்திரிகையில் 'வாழ்க்கை இணையேற்பு விழா'. 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது, எங்கள் ரயில் நீண்டு போய் நிற்கிற அதே செங்கல்பட்டில். இந்த மாதிரித் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது அண்ணா முதல்வரான 1967-ல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து. புரோகிதர் அவசியமில்லை. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாக இருவருக்கும் புரிகிற மொழியில் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம்.

மேடையில் வக்கீல் ஒருவர் இதை விளக்கியபோது அவன் என் காதில் கிசுகிசுத்தான்: "அப்போ நானே மாப்பிள்ளை, நானே நண்பர். ரெண்டு இடத்துலயும் கையெழுத்துப் போடலாம்ல?"

*

2015 டிசம்பர் வெள்ளம். முடிச்சூரில் தரைத்தள வீடு. ராத்திரி கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதந்தது. விடிவதற்குள் அடுப்படியில் கேஸ் சிலிண்டர் மிதந்து, டங் டங் என்று சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மாமியாரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற்றிவிட்டு, அவர் மாத்திரை டப்பாவுக்காக மறுபடி தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு. கால் வழுக்கியது. தெருவே மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் தொண்டையிலிருந்து வந்தது 'என்னங்க' இல்லை.

"பாத்துப்பா! டப்பா போனாப் போவுது, நீ வாப்பா!"

மாமியார் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் படகில் யாரோ கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "உன் சிநேகிதனைச் சாப்பிடக் கூப்பிடு" என்றார். கடைசி வரைக்கும் அவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

*

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய டிரங்க் ரோட்டில் ஒற்றைச் செருப்பிலிருந்து நாய்க்குட்டி வரை கிடைக்கும். பேரத்துக்கு எங்களுக்கென்று முறை உண்டு. அவன் "வேணாம் வா" என்று நடையைக் கட்டுவான், நான் போக மனசில்லாமல் நிற்பேன். கடைக்காரர் என் மேல் இரக்கப்பட்டு இறங்குவார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை மட்டும் அவன் நின்றுவிட்டான், நான் நடந்தேன். வால்வு ரேடியோ. 1,400 ரூபாய். இன்று வரை ஒரு சத்தம் வந்ததில்லை. மாடியில் வைத்து அதைப் பற்றி "வீட்டுக்காரரை" நான் திட்டாத மாசமில்லை.

*

நாளைக்கு: கரண்ட் பில். அரைக் கிலோ சின்ன வெங்காயம். சந்தையில் வால்வு ரேடியோ சாமான் வைத்திருக்கும் பெரியவரைப் பார்க்கணும். அவனுக்குச் சொல்ல வேண்டாம்.